ஊசிப் பயத்தோடு கிளினிக்குக்குப் போவது எப்படி?

ஊர் திரும்பிய குடும்பங்களுக்கு முதல் சில மாதங்கள் அலைச்சல்தான். கிராம உத்தியோகத்தரிடம் பதிவு, பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பிள்ளைகளுக்குப் பாடசாலை அனுமதி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை, ஒரு படிவம். எங்கள் வெளிக்கள உத்தியோகத்தர்கள் வீடு வீடாகக் கொண்டுபோகும் தாளில் இவை ஒவ்வொன்றுக்கும் நேரே அடையாளம் விழுந்துகொண்டே வரும். "பிள்ளைகளின் தடுப்பூசி" என்ற வரி மட்டும் சில வீடுகளில் மாதக்கணக்கில் வெறுமையாகவே கிடக்கும்.

காரணம் கேட்டால் நிறையச் சொல்வார்கள். அன்றைக்கு மழை. பிள்ளைக்குச் சளி. கொழுந்து கூடின நேரம், பெயர் போடாமல் விட்டால் சம்பளம் போய்விடும். எல்லாம் உண்மையாகவும் இருக்கும். நானுஓயாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நான் மூன்றாம் முறை போய்க் கேட்டபோதுதான், தமிழ்நாட்டு முகாமில் பிறந்து வளர்ந்து, கணவரின் சொந்தங்களைத் தேடி இங்கே வந்த ஒரு தாய் லயத்து வாசலில் நின்றபடி மெதுவாகச் சொன்னார்: "பிள்ளைக்கில்ல மிஸ், பயம் எனக்குத்தான். நான்தானே அவன புடிச்சிக்கணும்."

அவருக்கு ஆறேழு வயதிருக்கும்போது நான்கு பேர் கையையும் காலையும் பிடித்துக்கொள்ள ஊசி போட்டார்களாம். எதற்கான ஊசி என்று இன்றுவரை தெரியாது. யாரும் சொல்லவில்லை. இப்போது தன் மகனை அதே மாதிரிப் பிடிக்கச் சொல்வார்களோ என்ற நினைப்பில் கிளினிக் நாள் வரும்போதெல்லாம் அவருக்கு வயிறு கலங்குகிறது. இந்தக் கையேட்டில் ஊசிப் பயத்துக்கென்று ஒரு பாடம் வேண்டும் என்று நான் கேட்டு வாங்கியது அன்றைக்குத்தான்.

நம் சனங்களுக்கு இது புதிதல்ல

மலையகத் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த காலத்தில், தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களைக் கடல் தாண்டுவதற்கு முன் இராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் மண்டபம் முகாமில் சில நாட்கள் தங்கவைத்தார்கள். பெரியம்மையும் பேதியும் கொள்ளைநோயும் தோட்டங்களுக்கு வந்துவிடக் கூடாது என்பதுதான் நோக்கம். அங்கே "அம்மை குத்தி" அனுப்பினார்கள். 1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்கள் போய் இறங்கியதும் மண்டபத்தில்தான். 1983க்குப் பிறகு வவுனியாவிலிருந்தும் வன்னியிலிருந்தும் படகேறிய மலையகக் குடும்பங்களில் பலர் முதலில் பதியப்பட்டதும் அதே மண்டபத்தில். பூட்டி, பாட்டி, பேத்தி என்று ஒரே வீட்டின் மூன்று பெண்கள் வேறு வேறு காலத்தில் ஒரே முகாமில் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு நின்றிருக்கக்கூடும்.

வயதானவர்களின் கையில் காசளவில் வட்டமான தழும்பைப் பார்த்திருப்பீர்கள். அது பெரியம்மைத் தடுப்பின் அடையாளம். இந்தியாவில் நெடுங்காலம் அதற்குப் பயன்பட்டது, வட்டத்தகட்டில் கூரான பற்கள் வைத்த ஒரு சிறு கருவி. அதைத் தோலில் அழுத்தித் திருகுவார்கள். புண்ணாகி, பொருக்குத் தட்டி ஆறக் கிழமைகள் எடுக்கும். அந்தத் தடுப்பினால்தான் பெரியம்மை உலகத்தைவிட்டே போனது. 1980இல் உலக சுகாதார நிறுவனம் அதை அறிவித்தது. ஆனாலும், குத்தப்பட்ட பிள்ளைக்கு நினைவில் நிற்பது நோய் ஒழிந்த கதையா, திருகின வலியா? "அம்மை குத்துறவன் வாறான்" என்று சொல்லிப் பிள்ளைகளை அடக்கிய வீடுகளில்தான் நம் பாட்டிமார் வளர்ந்தார்கள். பயத்தைச் சொத்துப்போலக் கைமாற்றித் தந்துவிட்டார்கள்.

இன்று கிளினிக்கில் போடும் ஊசி மெல்லியது, ஒருவருக்கு ஒருமுறை மட்டும் பயன்படுத்துவது, உள்ளே போய் வெளியே வரச் சில விநாடிகள் எடுப்பது. வலி இருக்கும். இல்லை என்று நான் எழுதப்போவதில்லை. ஆனால் என் அனுபவத்தில், நம் ஆட்களின் பயத்தில் பாதி வலியைப் பற்றியதே இல்லை. கேட்காமல், சொல்லாமல், பிடித்து வைத்துக் குத்தியதைப் பற்றியது. அந்தப் பாதியைக் குறைப்பது நம் கையில்தான் இருக்கிறது.

உடம்பு என்ன செய்கிறது?

முதலில், இது கோழைத்தனம் இல்லை. பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2019இல் வெளிவந்த ஒரு மதிப்பாய்வின்படி, வளரிளம் பிள்ளைகளில் 20 முதல் 50 வீதம் பேருக்கும், இளம் வயதினரில் 20 முதல் 30 வீதம் பேருக்கும் ஊசிப் பயம் உண்டு. ஒரு லயத்தில் பத்து இளைஞர்கள் இருந்தால் இரண்டு மூன்று பேர் இதை மறைத்துக்கொண்டு திரிகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்கள் கூடுதலாக மறைப்பார்கள். மட்டக்கத்தியால் காலை வெட்டிக்கொண்டு துணி சுற்றிக்கொண்டு வேலை செய்கிறவர், ஏற்புவலி ஊசி என்றதும் "தேவல்ல, ஆறிரும்" என்பார்.

இந்தப் பயத்தில் இரண்டு வகை உண்டு. இரண்டுக்கும் செய்ய வேண்டியது வேறு வேறு என்பதால் உங்களுடையது எது என்று தெரிந்துகொள்வது நல்லது.

ஒரு வகையில் நெஞ்சு படபடக்கும், கை வியர்க்கும், வாய் காயும், எழுந்து ஓடிவிடலாம் போலிருக்கும். ஆனால் மயக்கம் வராது. நாய் துரத்தும்போது வரும் பயத்தைப் போன்றது இது.

மற்ற வகையிலும் தொடக்கம் அப்படித்தான். இதயம் வேகமாக அடிக்கும், இரத்த அழுத்தம் ஏறும். பிறகு சட்டென்று இரண்டும் இறங்கிவிடும். மூளைக்குப் போகும் இரத்தம் ஒரு கணம் குறைகிறது. முகம் வெளிறும், காதில் இரைச்சல் கேட்கும், கண் இருட்டிக்கொண்டு வரும், ஆள் சரிந்துவிடுவார். இந்த வகை பயம் குடும்பத்தில் ஓடும். அப்பாவுக்கு இரத்தத்தைக் கண்டால் தலைசுற்றும் என்றால் மகளுக்கும் வரலாம். கீழே சரிந்து படுத்த உடனே இரத்தம் தலைக்குத் திரும்பிவிடுவதால் சீக்கிரமே தெளிவும் வந்துவிடும். ஆபத்து மயக்கத்தில் இல்லை. விழும்போது சிமெந்துத் தரையில் தலை அடிபடுவதில்தான்.

நான் இரண்டாவது வகை. 2021இல் கொரோனாத் தடுப்பூசிக்கு வரிசையில் நின்றேன். பட்டம் படித்தவள், ஊருக்கெல்லாம் துண்டுப்பிரசுரம் எழுதுகிறவள், பயம் என்று எப்படிச் சொல்வது என்று வாயை மூடிக்கொண்டு இருந்தேன். காலையில் வெறுந் தேத்தண்ணி மட்டும் குடித்திருந்தேன். ஊசி போட்டு எழுந்து நான்கு அடி வைத்ததும் விழுந்தேன். எனக்குப் பின்னால் நின்ற இரண்டு பெண்கள் நான் விழுந்ததைப் பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பிப் போய்விட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். எனக்கு உறுத்தியது நெற்றிக் காயம் இல்லை, அதுதான். ஊசியின் மருந்து என்னைச் சாய்த்துவிட்டது என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். மருந்து உடம்பில் எதையும் செய்யத் தொடங்கும் முன்பே நான் விழுந்துவிட்டேன் என்பதை அவர்களுக்கு யார் சொல்வது?

உலக சுகாதார நிறுவனம் இதற்கென்றே 2019இல் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. தடுப்பூசி நேரத்தில் வரும் மயக்கம், நடுக்கம், மூச்சுவாங்கல் போன்றவற்றில் பல, மருந்தினால் வருவதில்லை, ஊசி பற்றிய பதற்றத்துக்கு உடம்பு காட்டும் எதிர்வினை என்று அது விளக்குகிறது. இது பொய் நோய் என்று பொருள் இல்லை. விழுந்தது உண்மை, வெளிறியது உண்மை. பாடசாலைகளில் ஒரு பிள்ளை மயங்கினால் வரிசையில் நிற்கும் மற்றப் பிள்ளைகளும் மயங்குவது இதனால்தான்.

மயக்கம் வருபவர்களுக்கு: இறுக்கிப் பிடிக்கும் பயிற்சி

சுவீடனைச் சேர்ந்த உளவியலாளர் லார்ஸ்-யோரான் ஓஸ்ட் என்பவரும் அவருடன் வேலை செய்தவர்களும் 1980களில் இந்தப் பயிற்சியை வகுத்தார்கள். மயக்கம் இரத்த அழுத்தம் இறங்குவதால் வருகிறது; தசைகளை இறுக்கினால் இரத்த அழுத்தம் ஏறுகிறது. அப்படியானால் இறங்கும் நேரம் பார்த்து ஏற்றிவிடலாமே என்பதுதான் அவர்களின் கணக்கு.

கொழுந்து நிறைந்த கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு சரிவிலிருந்து எழும்பும்போது உங்கள் தொடையும் வயிறும் தோளும் எப்படி இறுகும் என்று நினைத்துப் பாருங்கள். அந்த இறுக்கத்தைக் கூடை இல்லாமல், கதிரையில் இருந்தபடி செய்ய வேண்டும். கால், தொடை, வயிறு, கை எல்லாவற்றையும் ஒன்றாக இறுக்குங்கள். மூச்சை அடக்க வேண்டாம். 10 முதல் 15 விநாடி, முகத்தில் சூடு ஏறுவது தெரியும் வரை அப்படியே வைத்திருங்கள். பிறகு விடுங்கள். முற்றாகத் துவண்டுபோகாமல் சாதாரணமாக இருக்கிற அளவுக்கு விட்டால் போதும். 20 முதல் 30 விநாடி ஆறிவிட்டு மறுபடி இறுக்குங்கள். இப்படி ஐந்து தடவை.

கிளினிக் நாளுக்கு ஒரு கிழமைக்கு முன்பிருந்தே வீட்டில் தினமும் இரண்டு மூன்று முறை செய்து பழகுங்கள். அன்றைக்குத்தான் முதல் முறை செய்வேன் என்றால் பதற்றத்தில் மறந்துபோகும். ஊசி போடும் கையை மட்டும் தளர்வாகத் தொங்கவிட வேண்டும். அந்தக் கையையும் இறுக்கினால் வலி கூடும். மற்றக் கை, இரண்டு கால்கள், வயிறு போதும். ஊசிக்கு முன்பு தொடங்கி, போட்டு முடிந்து தலை தெளிவாக இருக்கும் வரை விட்டுவிட்டுச் செய்யுங்கள்.

கர்ப்பிணித் தாய்மாரும், இரத்த அழுத்தமோ இதய வருத்தமோ உள்ளவர்களும் இந்தப் பயிற்சியைத் தாங்களாகச் செய்யாமல் முதலில் மிட்வைபிடமோ டாக்டரிடமோ கேளுங்கள். அவர்களுக்குப் படுத்தபடி ஊசி போட்டுக்கொள்வதே நல்லது. முன்பு ஒருமுறை மயங்கியவர் யாராக இருந்தாலும் படுத்துக்கொண்டு போடச் சொல்லிக் கேட்கலாம். கேட்பதில் வெட்கம் இல்லை, கட்டில் அதற்குத்தான் இருக்கிறது.

படபடப்பு மட்டும் வந்து மயக்கம் வராதவர்களுக்கு இந்த இறுக்கம் வேண்டியதில்லை. அவர்களுக்கு மூச்சுத்தான் மருந்து. வயிறு புடைக்க மெதுவாக இழுத்து, சூடான தேத்தண்ணியை ஊதிக் குடிப்பதுபோல இன்னும் மெதுவாக வெளியே விடுங்கள். பெரியவர்கள் ஊசி இறங்கும் கணத்தில் இலேசாக ஒரு இருமல் இருமினாலும் வலி குறைவாகத் தெரியும். விளையாட்டுப்போல இருக்கும், ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட ஆலோசனையிலும் இது இருக்கிறது.

பிள்ளைகளுக்கு என்ன சொல்வது?

"அழுதா மிட்வைப் மிஸ்ஸக் கூப்புட்டு ஊசி போடச் சொல்லிருவேன்." இதைச் சொல்லாத வீடு குறைவு. சோறு தின்னாத பிள்ளைக்கும், கூப்பிட்டு வராத பிள்ளைக்கும், படிக்காத பிள்ளைக்கும் இதே மிரட்டல். ஊசி தண்டனை என்று நாமே வருடக்கணக்கில் சொல்லிக்கொடுத்துவிட்டு, கிளினிக் வாசலில் "இது ஒனக்கு நல்லதுக்குத்தான்" என்றால் பிள்ளை எதை நம்பும்? இந்தப் பாடத்தில் ஒன்றே ஒன்றை மட்டும் நடைமுறைப்படுத்த உங்களுக்கு நேரம் இருக்குமென்றால், அது இந்த மிரட்டலை நிறுத்துவதாக இருக்கட்டும்.

அடுத்தது பொய். "ஊசி இல்ல, சும்மா நிறை பார்க்கத்தான் போறோம்" என்று கூட்டிக்கொண்டு போவது அன்றைக்கு வேலையை இலகுவாக்கும். அதற்கடுத்த தடவை நிறை பார்க்கக்கூடப் பிள்ளை வராது. "வலிக்கவே வலிக்காது" என்பதும் அதே ரகம். வலித்துவிட்டால் நீங்கள் சொல்லும் மற்றதும் பொய் என்று ஆகிவிடும். அதற்காக "ஐயோ பாவம், எம் புள்ளைக்கு வலிக்கப்போகுதே" என்று முதல் நாளே கண்கலங்குவதும் வேண்டாம். ஆறுதல் சொல்லும்போது நம் குரல் நடுங்கினால் பிள்ளை சொல்லை விட்டுவிட்டு நடுக்கத்தைத்தான் கேட்கும்.

அப்படியானால் எப்படிச் சொல்வது? நான்கு ஐந்து வயதுப் பிள்ளைக்கு அன்று காலையில் சொன்னால் போதும். பெரிய பிள்ளைக்கு ஒரு நாள் இரண்டு நாள் முன்பே சொல்லலாம். "நாளைக்கு ஊசி இருக்கு. கையில நறுக்குன்னு ஒரு கிள்ளு மாதிரி இருக்கும். நீ பத்து எண்ணி முடிக்கிறதுக்குள்ள முடிஞ்சிரும். நான் பக்கத்திலேயே இருப்பேன்." இவ்வளவும் உண்மை. பிறகு பிள்ளைக்கு ஏதாவது இரண்டு தெரிவு கொடுங்கள்: எந்தக் கையில் போடலாம், மடியில் இருந்துகொள்வதா கதிரையில் இருப்பதா, ஊசியைப் பார்ப்பதா சுவரைப் பார்ப்பதா. ஊசி வேண்டுமா வேண்டாமா என்று கேட்காதீர்கள். அது பிள்ளை முடிவுசெய்யும் விஷயம் இல்லை, கேட்டுவிட்டு மீறினால் இன்னும் மோசம்.

தொடக்கத்தில் சொன்ன தாய் பயந்ததுபோல நான்கு பேர் சேர்ந்து பிடிக்க வேண்டியதில்லை. கைக்குழந்தையாக இருந்தால் தாய் நெஞ்சோடு அணைத்து வைத்துக்கொண்டே போடலாம். ஊசிக்கு முன்பும் போடும்போதும் பால் கொடுப்பது வலியைக் குறைக்கும். கொஞ்சம் பெரிய பிள்ளையை உங்கள் மடியில் பக்கவாட்டில் உட்காரவைத்து, ஒரு கையை உங்கள் முதுகுப் பக்கமாகச் சுற்றவிட்டு, மற்றக் கையை நீங்கள் பிடித்துக்கொண்டால் அது கட்டிப்பிடித்த மாதிரித்தான் இருக்கும். மல்லாக்கப் படுக்கவைத்து அமுக்குவதைவிடப் பிள்ளை இதில் அமைதியாக இருக்கும். உங்களால் முடியாதென்றால், கணவரோ அம்மாச்சியோ சித்தியோ பிடித்துக்கொள்ளலாம். நீங்கள் வெளியே வாங்கில் இருங்கள். அதனால் நீங்கள் குறைந்த தாய் ஆகிவிட மாட்டீர்கள். நடுங்கும் கையைவிட நடுங்காத கை பிடித்தால் பிள்ளைக்கும் நல்லது.

ஊசி இறங்கும் நேரத்தில் பிள்ளையின் கவனம் வேறெங்காவது இருக்க வேண்டும். பலூன் ஊதவிடலாம், கைப்பேசியில் பாட்டு வைக்கலாம். நானுஓயாப் பிள்ளைகளுக்கு என்னிடம் ஒரு தனி வழி இருக்கிறது. பதுளைக்குப் போகிற ரயிலில் அடுத்தடுத்த ஸ்டேசன் பெயர்களைச் சொல்லச் சொல்வேன். அம்பேவளை, பட்டிப்பொலை என்று அவர்கள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே பஞ்சை வைத்து அழுத்தியாகிவிடும்.

கடுமையாகப் பயப்படும் பிள்ளைக்கு இது போதாது. அதற்குப் படிப்படியாகப் பழக்க வேண்டும். ஊசி இல்லாத ஒரு நாளில் கிளினிக்குக்குக் கூட்டிப்போய் நிறை மட்டும் பார்த்துவிட்டு வாருங்கள். பாணி மருந்து கொடுக்கும் ஊசி முனை இல்லாத சிரிஞ்சியைக் கழுவிக் கொடுத்து, பொம்மைக்கும் அப்பாவுக்கும் ஊசி போட்டு விளையாடவிடுங்கள். வீட்டில் வேறொருவர் ஊசி போட்டுக்கொள்வதைத் தூரத்தில் நின்று பார்க்கட்டும். ஒவ்வொரு படியிலும் பயம் ஏறும், கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தால் தானாக இறங்கும். ஏறிய உடனே வீட்டுக்கு ஓடிவந்துவிட்டால் பிள்ளை கற்றுக்கொள்வது ஓடுவதை மட்டும்தான். இவ்வளவு செய்தும் பிள்ளையோ பெரியவரோ கிளினிக் பக்கமே போக முடியாமல் இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு அனுப்புவார்கள். தேசிய மனநல உதவி இலக்கமான 1926க்கும் அழைக்கலாம்.

உங்கள் பிள்ளைக்கு எது பாக்கி?

தமிழ்நாட்டில் போட்ட தடுப்பூசிகள் இங்கேயும் கணக்கில் சேரும். முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. பயந்த பிள்ளைக்கு ஒரு ஊசிகூட அநாவசியமாகக் கூடக் கூடாது என்றால், முகாமில் தந்த தடுப்பூசி அட்டையை எடுத்துக்கொண்டு போங்கள். கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, ஈரம் பட்டிருந்தாலும் பரவாயில்லை.

இரண்டு நாட்டுப் பட்டியலும் முழுக்க ஒன்றல்ல. அங்கே அரசாங்கம் போடுவது தட்டம்மைக்கும் ருபெல்லாவுக்குமான ஊசி. இங்கே 9 மாதத்திலும் 3 வயதிலும் போடும் எம்.எம்.ஆர். ஊசியில் கூகைக்கட்டுக்கான தடுப்பும் சேர்ந்திருக்கிறது. இங்கே எல்லாப் பிள்ளைகளுக்கும் 12 மாதத்தில் போடும் மூளைக்காய்ச்சல் ஊசி அங்கே சில மாவட்டங்களில் மட்டும்தான் உண்டு. 18 மாதத்திலும் 5 வயதிலும் ஊக்க ஊசிகள் இருக்கின்றன. பாடசாலையில் 6ஆம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கு எதிரான எச்.பி.வி. ஊசி 2017 முதல் போடுகிறார்கள். 7ஆம் வகுப்பில் ஏற்புவலி, தொண்டைக்கரப்பான் ஊசி. நடுவில் சேர்ந்த பிள்ளைக்கு இவை தவறிப்போவது சுலபம், ஆகவே வகுப்பாசிரியரிடம் கேட்டுவையுங்கள். முதல் பிள்ளையைச் சுமக்கும் தாய்க்கு ஏற்புவலி ஊசி இரண்டு முறை.

தள்ளிப்போட்டால் என்ன என்று கேட்கலாம். 2019இல் தட்டம்மையை ஒழித்துவிட்ட நாடு என்று இலங்கை அறிவிக்கப்பட்டது. 2023இல் அதே தட்டம்மை திரும்பி வந்து பரவியது. ஊசி போடாதவர்களையும், 9 மாதம் ஆகாததால் இன்னும் ஊசி போட முடியாத கைக்குழந்தைகளையும் அது பிடித்தது. பத்தடிக் காம்பராவில் ஏழெட்டுப் பேர் படுக்கும் லயத்தில் ஒரு பிள்ளைக்கு வந்தால் பக்கத்துக் காம்பராவின் கைக்குழந்தையைக் காப்பாற்றிக்கொள்வது கடினம்.

கிளினிக் நாளில்

வெறும் வயிற்றோடு போகாதீர்கள். ரொட்டியோ சோறோ ஏதாவது சாப்பிட்டுவிட்டு, தண்ணீரும் நன்றாகக் குடித்துவிட்டுப் போங்கள். நானுஓயாக் குளிருக்கு மூன்று நான்கு உடுப்புப் போட்டுக்கொண்டு போவோம்; உள்ளே போடுவது கை சுலபமாகச் சுருட்டக்கூடியதாக இருந்தால், ஊசியைப் பார்த்துக்கொண்டே பொத்தான் கழற்றிக்கொண்டு நிற்கும் அந்த நீண்ட நிமிடம் மிச்சம். பயந்தவருக்கு வரிசையில் காத்திருப்பதுதான் ஊசியைவிடக் கொடுமை. கூட்டம் சேரும் முன் போங்கள், அல்லது முதலில் கூப்பிடும்படி கேளுங்கள். பாடசாலையில் ஊசி என்றால், உங்கள் பிள்ளையை மற்றவர்கள் பார்க்காத இடத்தில், முதல் ஆளாகப் போடும்படி ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

கதிரையில் உட்கார்ந்ததும் முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டியது இது: "மிஸ், எனக்கு ஊசின்னா பயம். போன தடவ மயங்கிட்டேன்." நான் 2021இல் சொல்லாமல் விட்ட இரண்டு வசனம். சொன்னால் படுக்கவைப்பார்கள், மெதுவாகப் பேசுவார்கள், போட்ட பிறகும் ஒரு கண் உங்கள் மேல் வைத்திருப்பார்கள். சொல்லாத பயத்தை அவர்களால் கண்டுபிடிக்க முடியாது, அவர்களுக்கு முன்னால் ஐம்பது பிள்ளைகள்.

தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்குச் சிங்களம் தெரியாத சங்கடம் இருக்கும். தமிழ் பேசுபவர் யாரும் இல்லாவிட்டால் "மட்ட இஞ்செக்‌ஷன்வலட்ட பயய்" என்றால் எனக்கு ஊசிக்குப் பயம் என்று பொருள். "மட்ட கலந்தெ எனவா" என்றால் எனக்கு மயக்கம் வருகிறது. இந்த இரண்டையும் அட்டையின் பின்பக்கம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உச்சரிப்புப் பிழைத்தாலும் விளங்கிக்கொள்வார்கள்.

போட்டு முடிந்ததும் ஓடிவர வேண்டாம். குறைந்தது 20 நிமிடம் அங்கேயே இருங்கள். மயக்கம் வருகிறவருக்கு அந்த நேரத்துக்குள்தான் பெரும்பாலும் வரும். கண் இருட்டினால் கௌரவம் பார்க்காமல் தரையிலேயே படுத்துவிடுங்கள், காலைக் கொஞ்சம் உயர்த்தி வையுங்கள். மிக அரிதாக மருந்தே ஒத்துக்கொள்ளாமல் போவதும் உண்டு. உடம்பெல்லாம் தடித்துச் சிவப்பது, முகமோ உதடோ வீங்குவது, மூச்சு இழுப்பது போன்றவை தெரிந்தால் உடனே தாதியைக் கூப்பிடுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு இப்படி ஆனால் 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

அன்றிரவு பிள்ளைக்குக் காய்ச்சல் அடிக்கலாம், போட்ட இடம் வீங்கி நோகலாம். ஒன்றிரண்டு நாளில் சரியாகும். எம்.எம்.ஆர். ஊசிக்கு மட்டும் ஒரு வாரம் பத்து நாள் கழித்துக் காய்ச்சலும் சிறு பருவும் வரலாம். ஊசி போட்ட ஞாபகமே போயிருக்கும், பயந்துவிடாதீர்கள். பரசிட்டமோல் எவ்வளவு கொடுப்பது என்பதைப் பிள்ளையின் நிறைக்கு ஏற்ப மிட்வைப் சொல்வார். புறப்படும் முன் அடுத்த ஊசியின் திகதியை அட்டையில் எழுதிவிட்டார்களா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.